வேகம் அவர்களுக்கு, விரல் எங்களுடையது



2025 செப்டெம்பரில் வடக்கு தெங்கு முக்கோணம் என்ற பெரிய திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. புதிய கன்று நடவேண்டுமானால் காய்ப்பு விழுந்த கிழத்தென்னை விழவேண்டும். பளையிலும் மிருசுவிலிலும் எழுதுமட்டுவாளிலும் தறிக்கிற வேலை இனிக் கூடத்தான் போகிறது. வேலை கூடுவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அந்த வேலையோடு சேர்ந்து ஒரு பேச்சும் எங்கள் காதுக்கு வந்துகொண்டிருக்கிறது: “கம்பனி மிசின் வாள் சரிவராது. ஏத்தின வாளோட வாறவனுக்குத்தான் கொந்தராத்து.”

இந்தப் பேச்சுக்கு எமது பதிலை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம். இதில் பாதி பொய். மிச்சப் பாதி உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்கு விலை கொடுப்பது கொந்தராத்துக்காரரோ தோட்ட முதலாளியோ இல்லை. வாளைப் பிடித்திருப்பவன்.

ஏற்றுவது என்றால் என்ன?

கம்பனி செய்து அனுப்பிய வாளைக் கராச்சில் கொடுத்து, அது கூடுதலாகச் சுற்றவும் கூடுதலாகக் கடிக்கவும் மாற்றுவதைத்தான் ஏற்றுவது என்கிறோம். சைலன்சரின் உள்தகட்டை வெட்டி எடுத்து வாயைப் பெருப்பிப்பார்கள். அதோடு தீப்பொறி தடுக்கிற வலையும் போய்விடும். சிலிண்டருக்குக் கீழுள்ள பேக்கிங்கை எடுத்து அமுக்கத்தைக் கூட்டுவார்கள். காபரேட்டரின் திருகுக்குக் கம்பனி போட்ட எல்லைமூடியை உடைப்பார்கள். சங்கிலியைச் சுழற்றும் பற்சில்லை ஒரு பல் கூடியதாக மாற்றுவார்கள். வாளுக்கு அளவில்லாத நீளத் தகடு போடுவார்கள். சங்கிலியில் ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கும் முன்னால் நிற்கிற சிறிய மேட்டை அராவித் தாழ்த்துவார்கள். சிலர் இன்னும் ஒருபடி போய், “கைக்கு இடைஞ்சல்” என்று சங்கிலி பிரேக்கின் முன்கவசத்தையே கழற்றிவிடுகிறார்கள்.

இவற்றில் சில உண்மையிலேயே வேகத்தைக் கூட்டும். அதை மறைக்க வேண்டிய தேவை எமக்கில்லை. தேர்ந்த கையால், காபரேட்டரையும் அதற்கேற்பச் சரிசெய்து ஏற்றிய வாள், அதே மொடல் கம்பனி வாளை விடச் சற்று முந்தி மரத்தைக் கடந்துவிடும். ஆனால் சைலன்சரை மட்டும் திறந்துவிட்டுக் காபரேட்டரைத் தொடாமல் விட்டால் காற்று கூடி, பெற்றோலும் ஒயிலும் குறைந்து, என்ஜின் வெந்து, பிஸ்டன் இறுகிவிடும். அன்றைக்கு வாளும் இல்லை, கூலியும் இல்லை. கராச் பில் மட்டும் தொழிலாளியின் பெயரில் வரும்.

பந்தயத்தில் வென்றது எது?

ஏற்றிய வாளைக் காட்டி வேலைக்காரரை மயக்குவதற்கு ஒரு வித்தை இருக்கிறது. புதிதாக அரம் போட்ட சங்கிலியை ஏற்றிய வாளில் பூட்டுவார்கள். நேற்று முழுவதும் தென்னை அறுத்து மொட்டையான சங்கிலியோடு கம்பனி வாளைப் பக்கத்தில் நிறுத்துவார்கள். இரண்டையும் ஒரே குற்றியில் வைப்பார்கள். “எங்கட மிசினுக்கு முன்னால உங்கட கம்பனி மிசின் நிக்குமோ?” என்று சிரிப்பார்கள். அங்கே வென்றது என்ஜின் என்று எல்லோரும் நினைக்கிறோம். வென்றது அரம்.

நேர்மையாக ஒப்பிட விரும்புகிறவர்கள் இப்படிச் செய்து பாருங்கள். ஒரே குற்றி, ஒரே நீளத் தகடு, ஒரே வகைச் சங்கிலி. இரண்டு சங்கிலிக்கும் ஒரே ஆள் ஒரே அரத்தால் அராவ வேண்டும். ஒரே கலவைப் பெற்றோல். இரண்டு என்ஜினும் சூடேறிய பின் மாறி மாறி மும்மூன்று வெட்டு. வாளைக் கையால் அமுக்கக் கூடாது. அதன் பாரத்திலேயே இறங்கவிட வேண்டும். கைத்தொலைபேசியில் நேரம் பிடியுங்கள். அதன் பிறகு, கம்பனி வாளிலேயே கூரான சங்கிலியோடு ஒரு வெட்டு, மொட்டைச் சங்கிலியோடு ஒரு வெட்டு போட்டு நேரம் பாருங்கள். எந்த வித்தியாசம் பெரிது என்று உங்களுக்கே தெரியும்.

என்ஜின் பருமனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடுத்தர வாள் என்று நாம் சொல்வது 50 முதல் 60 சி.சி. வரையிலானவை. ஸ்டில் எம்.எஸ். 261 வாள் 50.2 சி.சி.; அதன் வலு 3.0 கிலோவாட். ஹஸ்க்வர்னா 455 வாள் 55.5 சி.சி.; அதன் வலு 2.6 கிலோவாட். சி.சி. கூடியது வலுவில் குறைந்து நிற்கிறது. ஒன்று காட்டுவேலைக்காரருக்கென்று செய்தது, மற்றது வீட்டுத் தோட்டக்காரரையும் மனதில் வைத்துச் செய்தது. வலு வேண்டுமென்றால் வேலைக்கேற்ற வாளைத் தோட்டம் வாங்கித் தரட்டும். மலிவான வாளை வாங்கிக் கொடுத்துவிட்டு, குறையைக் கராச்சில் ஏற்றி நிரப்பு என்று தொழிலாளிக்குச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு தென்னையைச் சாய்த்துக் குற்றியாக்க 8 வெட்டு என்று வைத்துக்கொள்வோம். கூரான சங்கிலியோடு கம்பனி வாளுக்கு ஒரு வெட்டு 20 வினாடி, ஏற்றிய வாளுக்கு 16 வினாடி. நாளொன்றுக்கு 15 மரம். மொத்தம் 120 வெட்டு. ஏற்றிய வாள் மிச்சப்படுத்துவது 480 வினாடி. அதாவது 8 நிமிடம். சங்கிலி மொட்டையாகி ஒரு வெட்டு 40 வினாடி பிடித்தால் அதே 120 வெட்டில் இழப்பது 40 நிமிடம். இந்த எண்களை எடுத்துவிட்டு உங்கள் தோட்டத்து எண்களைப் போட்டுப் பாருங்கள்; முடிவு பெரிதாக மாறாது. ஏனென்றால் எங்கள் நாளின் பெரும்பகுதி வாள் மரத்துக்குள் இருக்கிற நேரமில்லை. கயிறு கட்டுவது, ஓலையும் மட்டையும் ஒதுக்குவது, விழும் திசை பார்ப்பது, குற்றி உருட்டுவது, சுமப்பது, பெற்றோல் விடுவது. இவற்றில் எதையும் எந்தக் கராச்சும் ஏற்றித் தர முடியாது.

இந்த 8 நிமிடத்துக்காகத்தான் எங்கள் காதையும் கையையும் கேட்கிறார்கள்.

வெளிநாடுகளில் மரம் வெட்டும் போட்டிகள் நடக்கின்றன. ‘டிம்பர்ஸ்போர்ட்ஸ்’ என்ற போட்டி 1985 முதல் நடக்கிறது. அங்கே கம்பனி வாளுக்கு ஒரு பிரிவு. எல்லோர் கையிலும் ஒரே மொடல். ஏற்றிய வாளுக்கு வேறொரு பிரிவு. விளையாட்டில்கூட இரண்டையும் ஒன்றாக நிறுத்துவதில்லை. அந்த ஏற்றிய வாள் ஓடுவது சில வினாடி. மூன்று வில்லை வெட்டியதும் போட்டி முடிந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டு காலை 7 மணியிலிருந்து பின்னேரம் வரை யாரும் தென்னந்தோட்டத்தில் நிற்பதில்லை.

எங்கள் மரம் வேறு, எங்கள் மண் வேறு

பனையும் தென்னையும் தேக்குப் போன்ற மரங்கள் அல்ல. வெளிப்புறம் இரும்பு போன்ற வைரம், உள்ளே மென்மை. வெளிவைரத்தில் நார் நெருங்கி நிற்கிறது. அதிலுள்ள சிலிக்கா சங்கிலியின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். வைரத்தைக் கடந்து மென்மைக்குள் போனதும் வாள் சட்டென்று பாயும். பல்லுக்கு முன்னுள்ள மேட்டைத் தாழ்த்திய சங்கிலி அந்த இடத்தில் அளவுக்கு மீறிக் கடித்து இழுக்கும். அந்த மேடு ஒவ்வொரு பல்லும் எவ்வளவு கடிக்கலாம் என்பதற்குப் போட்ட எல்லை. பல சங்கிலிகளுக்கு அது 0.65 மில்லிமீற்றர். அந்த எல்லையை அழித்தபின் தகட்டின் நுனி எதிலாவது முட்டினால் வாள் முகத்துக்கு நேரே உதைத்துக்கொண்டு வரும். அதற்கு வினாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். கண் சிமிட்ட முன்னர் முடிந்துவிடும். அந்த நேரத்தில் சங்கிலியை நிறுத்தக் கூடியது பிரேக் ஒன்றுதான். அதைத்தான் “இடைஞ்சல்” என்று கழற்றுகிறார்கள்.

எங்கள் மண்ணுக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. 2000 ஆம் ஆண்டில் ஆனையிறவு விழுந்த பிறகு, 2009 வரை முகமாலையும் கிளாலியும் நாகர்கோவிலும் போர்முனையாக இருந்தன. வட்டிழந்து மொட்டையாய் நின்ற தென்னைகளையும் பனைகளையும் எங்கள் பிள்ளைகளும் கண்டிருக்கிறார்கள். அப்பகுதியில் இன்றும் நிற்கிற பழைய மரங்களுக்குள் ஷெல் துண்டும் சன்னமும் புதைந்திருக்கலாம். தென்னைக்குக் காயம் ஆறி மூடுவதில்லை. ஆனால் பாசியும் அழுக்கும் துளையை மறைத்துவிடும். ஏற்றிய வேகத்தில் சுழலும் சங்கிலி இரும்பில் பட்டால் பல் தெறிக்கும், சங்கிலி அறும், அறுந்த சங்கிலி சாட்டைபோலப் பின்னுக்கு வரும். அதைப் பிடித்து நிறுத்த வாளின் அடியில் ஒரு சிறு கொளுக்கி இருக்கிறது. கழற்றிப் பூட்டிய எத்தனை வாள்களில் அந்தக் கொளுக்கி மிச்சமிருக்கிறது என்று உங்கள் குழுவில் குனிந்து பாருங்கள்.

தீயையும் மறக்க வேண்டாம். தீப்பொறி வலை எடுத்த சைலன்சரைப் பங்குனி, சித்திரையில் காய்ந்த பனையோலைக்கு மேல் வைத்தால் என்ன நடக்கும் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

உடம்பு எழுதி வைக்கும் கணக்கு

கம்பனி வாளே காதுக்கு அருகில் 100 டெசிபெல்லுக்கு மேல் சத்தம் போடும். 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணித்தியாலம் நிற்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்றும் அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லுக்குக் காது மூடாமல் நிற்கக்கூடியது 15 நிமிடம். சைலன்சரை வெட்டித் திறந்த வாளுக்கு அந்த நேரமும் இல்லை.

அடுத்தது அதிர்வு. வாளின் அதிர்வு விரல் நரம்பையும் இரத்தக் குழாயையும் மெல்ல மெல்லக் கொல்லும். குளிர்நாடுகளில் விரல் வெள்ளையாக வெளிறிப்போவதால் இதை வெள்ளைவிரல் நோய் என்கிறார்கள். எங்கள் வெக்கையில் வெளிறல் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். விறைப்பும் குத்தலும் வரும், பிடி தளரும். பின்லாந்தின் சுவோமுஸ்சல்மி என்ற இடத்தில் காட்டுத் தொழிலாளரை 1972 முதல் 1990 வரை மருத்துவர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். தொடக்கத்தில் நூற்றுக்கு 40 பேருக்கு இந்த நோய் இருந்தது. முடிவில் நூற்றுக்கு 5 பேர். இடையில் நடந்தது என்ன? கைபிடிக்கும் என்ஜினுக்கும் இடையே அதிர்வு தாங்கும் ரப்பரும் ஸ்பிரிங்கும் போட்ட, எடை குறைந்த வாள்கள் வந்தன. மனிதக் கையைக் காப்பதற்காகக் கம்பனிகள் வாளை மாற்றின. மாற்ற வைத்ததில் தொழிலாளர் போராட்டத்துக்கும் பங்குண்டு. பிய்ந்த ரப்பரை மாற்றாமல், சுற்றை மட்டும் கூட்டிக்கொண்டு போகிற கராச் வேலை எங்கள் கையை 1972க்குத் திருப்பி அனுப்புகிறது.

வீட்டிலுள்ள தாய்மாருக்கும் துணைவியருக்கும் சொல்கிறோம்: இரவில் கை விறைக்குது என்று உதறி எழும்புகிறாரா? சட்டைப் பொத்தான் பூட்டத் தடுமாறுகிறாரா? வானொலியைக் கூட்டி வைக்கிறாரா, கூப்பிட்டால் இரண்டாம் தரம்தான் திரும்புகிறாரா? வயது என்று விட்டுவிடாதீர்கள். வைத்தியரிடம் போகும்போது “மிசின் வாள் வேலை, இத்தனை வருசம்” என்று முதலில் சொல்லுங்கள். அதைத் துண்டில் எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு நட்டஈடு கேட்க அந்த எழுத்துத் தேவைப்படும்.

“மரத்துக்கு இவ்வளவு” என்ற பொறி

எங்கள் இளைஞர் சிலர் கேட்கிறார்கள்: “மரக்கணக்குக்குத்தானே காசு. கெதியாய் வெட்டினால் எனக்குத்தானே லாபம்?” நியாயமான கேள்வி. பதில் இதுதான். முதல் மாதம் லாபம் உனக்கு. ஏற்றிய வாளோடு ஒருவன் 15 மரத்துக்குப் பதில் 18 மரம் தறித்தான் என்று தெரிந்த நாளிலிருந்து, மரத்துக்கான கூலியை அந்த 18ஐ வைத்துத்தான் பேசுவார்கள். பிறகு பழைய சம்பளத்தை எடுக்க எல்லோரும் 18 தறிக்க வேண்டும். வேகம் கொந்தராத்துக்காரர் கணக்கில் ஏறும். வாள், பெற்றோல், சங்கிலி, கராச் பில், காயம் எல்லாம் உன் கணக்கில் நிற்கும்.

சுவீடன் நாட்டுக் காட்டுத் தொழிலாளர் இந்தப் பொறியை எங்களுக்கு முன்னரே கண்டார்கள். 1975 இல் ஆயிரக்கணக்கானோர் வாளைக் கீழே வைத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது ஒன்று: மரக்கணக்குக் கூலி வேண்டாம், மாதச் சம்பளம் வேண்டும். அதன் பிறகு அங்கே சம்பள முறை மாறியது. ஆய்வாளர்கள் பார்த்தபோது வெட்டிய மரத்தின் அளவு கொஞ்சம் குறைந்திருந்தது, விபத்தும் குறைந்திருந்தது. அவசரத்தை உண்டாக்கியது தொழிலாளியின் குணமில்லை, கூலிமுறை என்பது அங்கே தெளிவானது. ஏற்றிய வாளும் அதே கூலிமுறை பெற்ற பிள்ளைதான்.

பனைக்குச் சட்டம், வாளுக்குப் பதிவு, கைக்கு?

1951 ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண்பனை தறிக்க அனுமதி வேண்டும். நல்ல சட்டம். பனை எங்கள் உயிர். 2019 இல் மிசின் வாள் வைத்திருப்போர் எல்லோரும் பொலிஸில் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. காடு அழிவதைத் தடுக்க என்றார்கள். அதையும் எதிர்க்கவில்லை. பெண்பனைக்குச் சட்டம் இருக்கிறது. வாளுக்குப் பதிவு இருக்கிறது. வாளைப் பிடிக்கிற கைக்கு என்ன இருக்கிறது? 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலையைப் பற்றிப் பேசுகிறது. தென்னந்தோட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. சர்வதேச தொழில் தாபனம் 1998 இல் காட்டுவேலைப் பாதுகாப்புக்கு ஒரு நடைமுறைக் கோவை வெளியிட்டது. சங்கிலி பிரேக், கைக்கவசம், சங்கிலி பிடிக்கும் கொளுக்கி, அதிர்வு தாங்கி எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. எங்கள் தோட்ட அலுவலகங்களில் அதன் ஒரு பிரதியைத் தேடிப் பாருங்கள்.

1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் கவனம்: பாதுகாப்புக் கருவியைத் தொழிலாளி வேண்டுமென்றே கழற்றினார் என்று காட்டி, சில காயங்களுக்கு நட்டஈட்டை மறுக்க முதலாளிக்கு அதில் இடமிருக்கிறது. ஆகவே, “பிரேக்கைக் கழற்று, கெதியாய் வெட்டு” என்று காலையில் சொல்கிறவர், பின்னேரம் விபத்து நடந்தால் “நான் சொல்லவில்லை, அவர்தான் கழற்றினவர்” என்பார். அவருடைய வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இருக்காது. கழற்றிய வாள் மட்டும் சாட்சியாக நிற்கும், எங்களுக்கு எதிராக.

நாம் கேட்பவை

1. தறிக்கும் வேலைக்கு நாட்சம்பளம். மரக்கணக்கு இருந்தால், அது நாட்சம்பளத்துக்கு மேல் கொடுக்கும் மேலதிகமாக மட்டும் இருக்க வேண்டும்.

2. வாளைத் தோட்டமோ கொந்தராத்துக்காரரோ தர வேண்டும். கம்பனி நிலையில், பிரேக்கும் கவசமும் கொளுக்கியும் அதிர்வு ரப்பரும் முழுதாக உள்ள வாளாக இருக்க வேண்டும்.

3. ஒரு வாளுக்கு மூன்று சங்கிலி, சரியான அளவு அரம், அராவும் நேரத்துக்கும் சம்பளம். வேகம் வேண்டும் என்பவர்கள் முதலில் இதைத் தரட்டும்.

4. தலைக்கவசம், காதுமூடி, கண் கண்ணாடி, வெட்டுத் தாங்கும் கால்சட்டை, சப்பாத்து. சம்பளத்தில் ஒரு சதமும் கழிக்கக் கூடாது.

5. பழைய போர்முனைக் காணிகளில் கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த எழுத்தை முதலில் காட்ட வேண்டும். ஒவ்வொரு மரத்தையும் இரும்பு தேடும் கருவியால் பார்த்த பிறகே வாள் வைக்கப்படும்.

6. ஏற்றிய வாளோடு வராததற்காக எவருக்கும் வேலை மறுக்கக் கூடாது.

தோழர்களே, இவற்றில் ஆறாவதை மற்றவர் தரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு குழுவில் ஒருவன் ஏற்றிய வாளோடு போனால் மற்ற நால்வரின் கூலியும் விழும். ஐவரும் கம்பனி வாளோடு போனால் கொந்தராத்துக்காரர் ஐவரோடும் பேசித்தான் ஆகவேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு உங்கள் வாளைக் கொண்டு வாருங்கள். கொளுக்கி, பிரேக், ரப்பர் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்போம். அரம் பிடிக்கத் தெரிந்த மூத்தவர்கள் இளையோருக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். கழற்றியதைத் திருப்பிப் பூட்டுவோம். அதன் பிறகு கூலியைப் பேசப் போவோம்.

சங்கச் செயற்குழு